கண் சுருங்கினால்தான் உண்மைச் சிரிப்பா?

நீங்கள் கேட்டதில் இரண்டு கேள்வி இருக்கிறது. ஒருவர் மனதாரச் சிரிக்கிறாரா, சும்மா பல்லைக் காட்டுகிறாரா என்று கண்டுபிடிக்க வழி உண்டா, கண்ணோரம் சுருங்கினால் உண்மை, சுருங்காவிட்டால் நடிப்பு என்று வீடியோக்களில் சொல்கிறார்களே அது சரியா என்பது ஒன்று. இன்னொன்று உங்களைப் பற்றியது. தங்கை கல்யாண ஆல்பத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லாரும் "ஏன் இப்படி ஒட்டவைத்த மாதிரி சிரிக்கிறாய்" என்று கேட்டிருக்கிறார்கள், ஆபீசில் மேனேஜர் சிரித்தால் அது பாராட்டா கிண்டலா என்றும் உங்களுக்குப் பிடிபடுவதில்லை, சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், ஏதாவது கோளாறோ என்று கேட்கிறீர்கள்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் இதில் எதை எடுத்துக்கொள்வது எதைத் தள்ளுவது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் பிசியோதெரபிஸ்ட். முகவாதம் வந்து வாய் கோணியவர்கள், பக்கவாதத்துக்குப் பிறகு முகம் ஒரு பக்கம் தொங்கியவர்கள், இவர்களை மறுபடி சிரிக்கவைப்பதுதான் பல வருடமாக என் பிழைப்பு. ஜோக் சொல்லி இல்லை, கண்ணாடி முன்னால் உட்காரவைத்து. மனநல மருத்துவம் நான் படித்ததில்லை, அதனால் இரண்டாவது கேள்வியில் ஓர் எல்லைக்கு மேல் போக மாட்டேன்.

முதல் கேள்விக்குப் பதில்: பாதி சரி.

அந்தப் பாதியை நான் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே கையால் பார்த்துவிட்டேன். மாணவனாக வார்டில் இருந்தபோது முகவாதம் வந்த ஒரு தாத்தாவுக்கு ஸ்டிமுலேஷன், அதாவது முகத்தசைக்கு லேசான கரண்ட், கொடுக்கச் சொன்னார்கள். பின்கழுத்தில் ஒரு பேட், என் கையில் பேனா மாதிரி ஒரு எலக்ட்ரோடு, முனையில் நனைத்த பஞ்சு. கன்னத்து எலும்புக்குச் சற்றுக் கீழே ஓரிடத்தில் வைத்தேன், வாயோரம் விசுக்கென்று மேலே போனது. எடுத்தேன், இறங்கிவிட்டது. வைத்தால் சிரிப்பு, எடுத்தால் இல்லை. தாத்தாவோ கட்டிலுக்கடியில் வைத்த டிபன் டப்பாவை யாராவது எடுத்துவிடப் போகிறார்கள் என்ற கவலையில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் பாதிச் சிரிப்பு, கண் முழுக்க டப்பா. ஆளே இல்லாத வீட்டில் விளக்கு எரிகிற மாதிரி இருந்தது.

இதே வேலையை பாரிசின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் டுஷேன் என்ற மருத்துவர் செய்து, போட்டோவும் எடுத்து, 1862-இல் புத்தகமாகவே போட்டுவிட்டார். (சிறுவர்களுக்கு வரும் ஒரு தசைச்சிதைவு நோய்க்கு டுஷேன் என்று பெயர் இருக்கிறதே, அதே ஆள்தான்.) அவர் படங்களில் திரும்பத் திரும்ப வருபவர் பல் போன ஒரு முதியவர். முகத்தில் தொடு உணர்வு கிட்டத்தட்ட இல்லாதவர் என்பதால் கரண்ட் வைத்தாலும் அவருக்கு வலிக்காது. வாயோரத்தை மேலே இழுக்கும் தசையை மட்டும் தூண்டினால் வந்தது சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்றுதான். கண்ணைச் சுற்றி வளையமாக இருக்கும் தசையும் சேர்ந்துகொண்டால்தான் முகம் மலர்ந்தது. வாய்த்தசை நாம் சொன்னால் கேட்கும், கண் தசை மனது மகிழ்ந்தால்தான் கேட்கும் என்று டுஷேன் முடிவுகட்டினார். டார்வின் 1872-இல் முகபாவங்களைப் பற்றி எழுதும்போது இந்தப் படங்களை எடுத்துக்கொண்டார். கரண்டால் வரவழைத்த சிரிப்பை அவர் 24 பேரிடம் காட்டியிருக்கிறார். மூன்று பேருக்கு அது என்ன பாவம் என்றே புரியவில்லை, மற்றவர்கள் ஏதோ சிரிப்பு வகை என்று கண்டுகொண்டாலும் விஷமம், சிரிக்கப் பார்க்கிறார் என்கிற மாதிரிதான் சொன்னார்கள். பிறகு 1978-இல் பால் எக்மன், வாலஸ் ஃப்ரீசன் என்ற உளவியலாளர்கள் முகத்தின் ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் எண் கொடுத்தார்கள், கன்னம் ஏறிக் கண் சுருங்குவது 6, வாயோரம் ஏறுவது 12. ஆறும் பன்னிரண்டும் சேர்ந்து வந்தால் டுஷேன் சிரிப்பு. நீங்கள் பார்த்த வீடியோக்கள் எல்லாம் இதன் பேரப்பிள்ளைகள்.

மூளையைப் பார்த்தாலும் டுஷேன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பக்கவாதம் வந்த ஒருவரிடம் "பல்லைக் காட்டுங்க ஐயா" என்றால் ஒரு பக்கம் அசையவே அசையாது. அதே நேரம் பேத்தி ஓடிவந்து மடியில் ஏறினால் இரண்டு பக்கமும் சிரிக்கும். வீட்டார் உடனே "அப்ப நல்லாத்தானே இருக்கு, இவரு முயற்சி பண்ண மாட்டேங்கிறாரு" என்று அவரைப் பிடித்துத் திட்ட ஆரம்பிப்பார்கள், பாவம். வேண்டுமென்றே முகத்தை அசைக்கும் கட்டளை மூளையின் மேற்பரப்பிலிருந்து ஒரு வழியாக வருகிறது, தானாக வரும் சிரிப்பு ஆழத்திலிருந்து வேறு வழியாக வருகிறது, இரண்டும் கடைசியில் முக நரம்பு எனப்படும் ஏழாவது கபால நரம்பில்தான் வந்து சேர்கின்றன. ஒரு வழி அடைபட்டு இன்னொன்று திறந்திருக்கலாம். அரிதாகத் தலைகீழாகவும் நடக்கும்: சொன்னால் நேராகச் சிரிப்பார், தானாகச் சிரிப்பு வந்தால் ஒரு பக்கம் வராது.

சரி, மீதிப் பாதி எங்கே தப்பு? இப்போதே வாயை முடிந்தமட்டும் அகலமாக இழுத்துச் சிரித்துப் பாருங்கள். சந்தோஷம் எதுவும் வேண்டாம். கன்னம் மேலே ஏறிக் கண்ணோரத்தில் கோடு விழுந்திருக்கும். பெரிதாகச் சிரித்தால் கண் சுருங்கித்தான் ஆக வேண்டும், சதை போக வேறு இடமில்லை. அது போக, கண் தசை நம் பேச்சைக் கேட்காது என்பதும் அவ்வளவு உறுதியாக இல்லை. 2009-இல் க்ரும்ஹூபரும் மான்ஸ்டெட்டும் செய்த ஆராய்ச்சியில், சிரிப்பது போல் நடியுங்கள் என்றதுமே நிறைய பேருக்குக் கண்ணும் சேர்ந்தே சுருங்கியது. அதைவிட நுட்பமான அடையாளம் ஒன்றைச் சொல்வார்கள்: புருவத்துக்கும் மேலிமைக்கும் நடுவில் இருக்கும் மடிப்பு மனதாரச் சிரிக்கும்போது துளி கீழே இறங்கும். உண்மைதான், பார்க்கலாம், ஆனால் எதிரில் பேசுகிறவரின் இமை மடிப்பை அளந்துகொண்டிருந்தால் அவர் என்ன பேசினார் என்பது உங்களுக்குத் தெரியாமல் போகும். கண்ணோரம் போடாக்ஸ் (தசையை அசையவிடாத ஊசி) போட்டவருக்குக் கோடே விழாது. வயதானவருக்குச் சும்மா இருக்கும்போதே கோடு இருக்கும்.

கண் அடையாளத்தின் மேல் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச நம்பிக்கையும் ஓர் ஆசிரியையால் போனது. அவருக்கு முகவாதம் வந்து எட்டு மாதம் கழித்து என்னிடம் வந்தார். முகம் நேராகிவிட்டது, பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஆனால் சிரித்தால் இடது கண் மூடிக்கொள்கிறது. முக நரம்பு காதுக்குப் பக்கத்தில் ஓர் எலும்புக் குழாய் வழியாக வருகிறது, அங்கே வீங்கி நசுங்கினால் நரம்பிழைகள் பட்டுப்போய் மறுபடி ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில் முளைத்து வரும். வரும்போது சில இழைகள் வழி தவறி, வாய்க்குப் போக வேண்டியது கண்ணுக்குப் போய்விடும். இன்னும் சிலருக்கு உமிழ்நீருக்குப் போக வேண்டியது கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய், சாப்பிட உட்கார்ந்தால் ஒரு கண்ணில் தண்ணீர் கொட்டும், இலையில் கைவைத்ததும் அழுகிறார் என்று பக்கத்தில் இருப்பவர்கள் பதறுவார்கள். இந்த ஆசிரியைக்கு வந்த சங்கடம் வேறு. ஸ்டாஃப் ரூமில் யாரைப் பார்த்துச் சிரித்தாலும் கண்ணடிப்பது போல இருக்கிறது. மரியாதைக்காக ஒரு சிரிப்பு, அதற்குக்கூடக் கண் சுருங்குகிறது, எக்மன் கணக்குப்படி அவர் இடது பக்கத்தில் எப்போதும் ஆறும் பன்னிரண்டும்தான். வலது பக்கம் அப்படி இல்லை. ஒரே சிரிப்பு, ஒரே மனது, ஒரு பாதி உண்மை இன்னொரு பாதி பொய் என்று எந்த வீடியோ தீர்ப்புச் சொல்லும்?

இன்னொன்று, சிரிப்பு என்றால் மகிழ்ச்சி என்று நாம் எடுத்துக்கொள்வதே சரியில்லை. 1979-இல் க்ராவுட், ஜான்ஸ்டன் என்ற இருவர் அமெரிக்காவில் பவுலிங் ஆடுகிறவர்களைக் கவனித்தார்கள். பந்து உருட்டி எல்லாக் கட்டையும் சாய்ந்தாலும் கட்டையைப் பார்த்து நிற்கும்போது யாரும் அவ்வளவாகச் சிரிப்பதில்லை. திரும்பி நண்பர்களைப் பார்த்ததும் சிரிப்பு வருகிறது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர்களின் வீடியோவைப் பார்த்த ஃபெர்னாண்டஸ்-டோல்ஸும் ருயிஸ்-பெல்டாவும் இதையேதான் கண்டார்கள். வாழ்நாளின் மிகப்பெரிய சந்தோஷம், ஆனால் மேடைக்குப் பின்னால் காத்திருக்கும்போதும் கொடியைப் பார்த்து நிற்கும்போதும் சிரிப்பு குறைவு, பதக்கம் வாங்கி மக்களைப் பார்த்துக் கையசைக்கும்போதுதான் சிரிப்பு. ஆக, எதிரில் ஆள் வேண்டியிருக்கிறது. நம்மிடம் இது பழைய சங்கதி: தொல்காப்பியம் மெய்ப்பாடு, அதாவது உடம்பில் தெரியும் உணர்வு, எட்டு என்று சொல்லும்போது நகையையும் (சிரிப்பு) உவகையையும் (மகிழ்ச்சி) தனித்தனியாகத்தான் வைக்கிறது. நகை பிறக்கும் இடங்களாக அது சொல்வது எள்ளல், இளமை, பேதைமை, மடன். அந்த நான்கில் மகிழ்ச்சி இல்லவே இல்லை! அசட்டுச் சிரிப்பு, நமட்டுச் சிரிப்பு, கேலிச் சிரிப்பு, வழிசல் என்று இத்தனை வார்த்தை வைத்திருக்கும் நாம், எல்லாவற்றையும் உண்மை, போலி என்று இரண்டே டப்பாவில் போடப் பார்ப்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

ஜவுளிக்கடையில் நாலாவது மாடியில் நின்றுகொண்டு நாற்பதாவது சேலையைப் பிரித்துக் காட்டும் பெண் "இன்னொண்ணு காட்டட்டுமாக்கா" என்று சிரிக்கிறாள். மகிழ்ச்சியில் வந்த சிரிப்பு இல்லை, அதற்காகப் பொய்யா? அது வேலை. ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் என்ற சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதி 1983-இலேயே இதற்கு உணர்வு உழைப்பு என்று பெயர் வைத்துவிட்டார். தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தியதே 2021-இல்தான். கால் வீங்க நின்றவர்கள் கண்ணும் சுருங்கச் சிரிக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் யாரையாவது கவனிக்க வேண்டும் என்றால் கண்ணைவிட நேரத்தைப் பார்ப்பேன். தானாக வரும் சிரிப்பு மெல்ல எழும், மெல்ல அடங்கும். வரவழைத்தது சட்டென்று வந்து, கொஞ்சம் அதிக நேரம் நின்று, ஆள் திரும்பியதும் சுவிட்ச் அணைத்த மாதிரி போய்விடும். அதிலும் ஒருவரை ரொம்ப நாளாகப் பார்த்துப் பழகியிருந்தால்தான் இது உதவும், ஏனென்றால் சிலருக்கு இயல்பே அப்படித்தான் இருக்கும். முன்பின் தெரியாதவரின் ஒரு சிரிப்பை வைத்து அவர் மனதைப் படிக்க முடியும் என்று யாராவது கட்டணம் வாங்கிக்கொண்டு வகுப்பு எடுத்தால் அந்தப் பணத்தில் நல்ல பிரியாணி சாப்பிடலாம்.

இனி உங்கள் ஆல்பம். ரிசப்ஷனில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மேடையில் இரண்டரை மணி நேரம், முகத்துக்கு நேரே வீடியோ லைட், ஒவ்வொரு குடும்பமாக ஏறி வந்து மொய்க்கவர் கொடுத்து வரிசையாக நிற்க, போட்டோகிராபர் "கொஞ்சம் ஸ்மைல் பண்ணுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு ஃபோகஸ் சரிசெய்கிறார். சிரிப்பு முகத்தில் இயல்பாக நிற்பது சில நொடிதான். அவர் க்ளிக் செய்யும்போது உங்கள் முகத்தில் இருப்பது பத்து நொடிக்கு முன்பு வந்த சிரிப்பின் மிச்சம். அரை மணியில் கன்னம் வலிக்கும், வாயோரம் லேசாக நடுங்கக்கூட நடுங்கும், கனமான பையைத் தூக்கி நிற்கும் கை நடுங்குவது போலத்தான். லைட் கூசிக் கண் மூடிவிடக் கூடாதே என்று கண்ணை விரித்து வைப்பீர்கள், அது சிரிப்புக்கு நேர் எதிர். முகவாதம் தேறி வருகிறவர்களுக்கு நான் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்: பாதிச் சிரியுங்கள். முழுபலத்தோடு இழுத்தால் கழுத்து, தாடை, நெற்றி எல்லாம் உதவிக்கு ஓடிவந்து முகத்தைக் கெடுக்கும். பல்லைக் கடிக்காமல் கீழ்த்தாடையைத் தளரவிட்டு, தலையைக் கொஞ்சம் குனிந்திருந்து, அவர் "ரெடி" என்றதும் நிமிர்ந்து பார்த்து மெதுவாகச் சிரியுங்கள். "சீஸ்" சொல்லாதீர்கள், அது வாயைப் பக்கவாட்டில்தான் இழுக்கும், மேலே தூக்காது. கண்ணாடி முன் பழகுவதென்றால் ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும், அதற்கு மேல் பார்த்தால் நம் முகம் நமக்கே அந்நியமாகிவிடும்.

மற்றவர் முகம் புரியாதது பற்றி. இது நிறைய பேருக்கு இருக்கிறது, அளவுதான் வேறு. ஆட்டிசம் உள்ள பலர் இதைச் சொல்வார்கள். ஆனால் முகம் புரியாவிட்டாலே ஆட்டிசம் என்று ஆகிவிடாது. தனக்குள் எழும் உணர்வு கோபமா, வருத்தமா, வெறும் பசியா என்றே பிரித்துச் சொல்ல வராத ஒரு தன்மை உண்டு, பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மருத்துவர் 1970-களில் அதற்கு அலெக்சிதைமியா என்று பெயர் வைத்தார். தன் உணர்வுக்கே பெயர் தெரியாதவருக்கு அடுத்தவர் முகத்தில் அதைக் கண்டுகொள்வதும் கஷ்டம். ஆட்டிசத்தில் முகம் புரியாததற்குப் பல நேரம் இதுதான் காரணம் என்று காட்டும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. டேமியன் மில்டன் என்ற ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் 2012-இல் ஒன்று சொன்னார், எனக்கு ரொம்பப் பிடித்தது: புரியாமை இருவழி. அவர்களுக்கு நம் முகம் புரியாத மாதிரியே நமக்கும் அவர்கள் முகம் புரிவதில்லை, ஆனால் கோளாறு என்று எழுதுவது ஒரு பக்கத்துக்கு மட்டும். உங்களுக்கு இதில் எது, அல்லது எதுவும் இல்லையா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. வேலையும் உறவும் இதனால் சிக்கலாகிறது என்றால் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டைப் பாருங்கள். சிக்கலாகவில்லை என்றால் வெறும் பெயருக்காக அலைய வேண்டாம் என்பது என் கருத்து.

மேனேஜர் விஷயத்துக்கு முகத்தைப் படிக்கவே தேவையில்லை. "சார், இது இப்படியே அனுப்பலாமா, ஏதாவது மாற்றணுமா?" என்று கேட்டுவிடுங்கள். கிண்டல் செய்கிறவர்கூட இதற்கு நேராகப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த ஆசிரியையும் கடைசியில் இதைத்தான் செய்தார். ஜூன் மாதம் புது வகுப்புக்குள் போனதும் முதல் வேலையாக, "எனக்கு முகவாதம் வந்து போச்சு, சிரிச்சா இந்தக் கண்ணு தானா மூடிக்கும், கண்ணடிக்கிறேன்னு வீட்ல போய்ச் சொல்லிடாதீங்க" என்றாராம். வகுப்பே சிரித்திருக்கிறது. பயிற்சியில் கண் மூடுவது இப்போது பாதி குறைந்துவிட்டது, மீதி அப்படியே இருக்கிறது, அவர் வருவதை நிறுத்திவிட்டார்.

நீங்கள் சொன்னது சின்ன வயதிலிருந்தே என்பதால் நான் பயப்படவில்லை. ஆனால் இதைப் படிக்கிற வேறு யாருக்காவது பயன்படலாம். முகம் திடீரென்று ஒரு பக்கம் கோணினால் பஸ் ஜன்னலோரக் காற்று பட்டுவிட்டது என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நெற்றியைச் சுருக்கினால் இரண்டு பக்கமும் சுருங்கி வாய் மட்டும் கோணியிருந்தால் பக்கவாதமாக இருக்கும் வாய்ப்பு அதிகம், ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது. நெற்றியும் சேர்ந்து சுருங்காவிட்டால் பெரும்பாலும் முகவாதம், அதற்கும் மூன்று நாளுக்குள் ஸ்டீராய்டு ஆரம்பித்தால்தான் நல்ல பலன், ஆனால் எது என்று வீட்டில் உட்கார்ந்து நீங்களே முடிவுசெய்ய வேண்டாம். வயதானவர் ஒருவரின் முகம் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல அசைவு குறைந்து, இமைப்பதும் குறைந்து, "அப்பா இப்பல்லாம் சிரிக்கிறதே இல்லை" என்று வீட்டில் பேச்சு வந்தால் அது கோபமாக இல்லாமல் பார்க்கின்சன் என்ற மூளை நரம்பு நோயின் தொடக்கமாகக்கூட இருக்கலாம், நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை. ஆல்பத்தில் வந்தவை போட்டோகிராபர் பொறுக்கி எடுத்த சில படங்கள்தான், அவரிடம் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஹார்ட் டிஸ்க்கை வாங்கி, கேமராவைப் பார்க்காமல் நீங்கள் இருக்கும் படங்களைத் தேடுங்கள்: பந்தியில், மணமகள் அறையில் தங்கைக்குப் பூ வைக்கும்போது, சித்தி பையனோடு பேசிக்கொண்டிருக்கும்போது. அவற்றில் உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.